வேகக் காரின் பிரேக்கில் வீட்டிலேயே ஏர் எடுக்கலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பவை நான்கு கேள்விகள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் உங்கள் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 காரை ஓட்டும்போது ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் மெத்தென்றாகிப் பாதிக்கு மேல் இறங்கியது. அடுத்தடுத்து மிதித்தபின் சற்று மேலே வந்தது. கார் ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இதற்குப் பிரேக்கில் ஏர் எடுத்து, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி, ஆயிலை மாற்றினால் போதுமா, அதை வீட்டில் மனைவியின் துணையோடு செய்ய முடியுமா, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருப்பதால் கணினிக் கருவி கட்டாயமா, எந்த ஆயிலை வாங்குவது என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பாகத்தில் பட்டறைக்காரர் அல்லாத நான் கை வைக்கலாமா, வைத்தால் அந்தப் பயம் மறுபடி வராமல் இருக்குமா? கை வைக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பயம் மறுபடி வராதா என்பது ஆயிலை மட்டும் பொறுத்ததன்று; அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆட்டோமொபைல் பொறியியல் படித்துப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பின்னாளில் தடத்தில் ஓட வரும் சாலைக் கார்களைத் தயார் செய்யும் வேலையில் இருந்தவன். உங்கள் காரை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்தே பேசுகிறேன்.

முதலில், பழுதானது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். தடத்தில் பிரேக் கைவிடுவதற்கு அடிக்கடி காணப்படும் காரணங்கள் மூன்று. மூன்றும் காலுக்கு வெவ்வேறாகத் தெரியும். பெடல் கல்லைப் போல் உறுதியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை) அழுத்திப் பிடிக்கும் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்கு ஏர் எடுப்பதால் ஒரு பயனும் இல்லை. முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாவது மிதியில் முழு உறுதியோடு நின்றால், தட ஓரத் திட்டுகளில் ஏறி இறங்கிய அதிர்ச்சியிலோ சக்கர பேரிங் ஆட்டத்திலோ டிஸ்க் அசைந்து, பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். பெடல் மெத்தென்று இறங்கி, எத்தனை முறை மிதித்தாலும் அந்த மெத்தென்ற உணர்வு முழுதாகப் போகாமல், ஆறியபின் மட்டும் சரியானால், பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்கின்றன. உங்கள் வருணனை இந்த மூன்றாவதோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. ஆனால் பேட் எவ்வளவு மீந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

ஆயில் ஏன் கொதித்தது என்பதற்கு ஒரு சிறிய கணக்குப் போதும். ஓட்டுநரோடு சேர்த்து உங்கள் கார் ஏறத்தாழ 1,500 கிலோ. அது 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது கழிய வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல்; ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் இது. ஒரே ஒரு வளைவுக்கான பிரேக்கில், சில நொடிகளில், இதன் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளுக்குள், அதிலும் முக்கியமாக முன்னால் உள்ள இரண்டு 340 மில்லிமீட்டர் டிஸ்க்குகளுக்குள் போகிறது. அங்கிருந்து பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக அதன் பின்னால் நிற்கும் ஆயிலுக்கும் வெப்பம் கசிகிறது. பேட் தடிமனாக இருக்கும் வரை அதுவே வெப்பத்தைத் தடுக்கும் சுவர். பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு தடத்தில் இறங்குபவர்களுக்கே ஆயில் அதிகமாகக் கொதிக்கிறது என்பது நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. பெடலை அழுத்திக்கொண்டிருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் மிக அதிகம். அந்த அழுத்தத்தில் ஆயில் எளிதில் ஆவியாகாது. காலை எடுத்து நேர்ப்பாதையில் வேகமெடுக்கும்போது அழுத்தம் விழுகிறது. ஆனால் பேட்டிலும் பிஸ்டனிலும் தேங்கிய வெப்பம் ஆயிலுக்கு வந்துகொண்டே இருக்கிறது. குமிழி அப்போதுதான் பிறக்கிறது. அதனால்தான் ஒரு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக் அடுத்த வளைவில் முன்னறிவிப்பே இல்லாமல் இறங்கிவிடுகிறது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிப் பெடல் திரும்பி வருவதை வைத்துப் பிரேக் தானாகவே குணமாகிவிட்டது என்று நினைப்பது தவறு. எந்த ஆயில் கொதித்ததோ அதே ஆயில் அதே காலிப்பருக்குள்தான் இன்னும் இருக்கிறது. அதில் கலந்த ஈரமும் அங்கேயே இருக்கிறது. அந்த ஆயிலை வெளியேற்றாமல் மறுபடி தடத்துக்குப் போக வேண்டாம்.

அடுத்து, எந்த ஆயில் என்பது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 தரத்துக்குப் புதிய நிலையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், சுமார் 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி. டாட் 5.1 தரத்துக்கு முறையே 260, 180. டாட் 3 என்றால் 205, 140. இவை கீழ் எல்லைகள் மட்டுமே. டாட் 4 என்று எழுதியிருந்தாலும் பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட ஆயில்கள் இதைவிட வெகு மேலே நிற்கின்றன. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிய நிலையில் 312 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறினால் 200-க்குச் சற்று மேல். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் புதிய நிலையில் 300-க்கு மேல், ஈரம் ஏறிய நிலையிலும் 270 என்பது அதன் தனிச் சிறப்பு. விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆகவே 5.1 என்ற பெரிய எண்ணைப் பார்த்து அதுவே மேலானது என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் பயன்பாட்டுக்கு, 300 டிகிரிக்கு மேல் கொதிநிலையுள்ள பந்தய வகை டாட் 4 ஆயிலே சரி. ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றி, ஒவ்வொரு தட நாளுக்கும் முன்பு முன் காலிப்பர்களிலிருந்து மட்டும் கொஞ்சம் வெளியேற்றினால் போதும். அடிக்கடி கை வைக்கப் பிடிக்காதவர் என்றால் விலை கூடியதை வாங்குவது நியாயமான செலவு.

டாட் 5 என்பது சிலிக்கோன் அடிப்படையிலான முற்றிலும் வேறு திரவம். அது மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள உங்கள் காருக்கு ஆகவே ஆகாது. டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இயல்புடையவை. எனவே பழைய ஆயிலின் மேல் புதியதைத் தள்ளுவதில் ஆபத்தில்லை. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் போன்ற கனிம எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இந்த அமைப்புக்குள் போகக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் காலிப்பர் வரை அத்தனையையும் மாற்ற வேண்டிவரும். முன்பு வேறு எதற்கோ பயன்படுத்திய புனல், சிரிஞ்ச் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

இங்கே விவாதத்துக்குரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஏபிஎஸ், ஈஎஸ்பி (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) ஆகியவற்றுக்காக, கடுங்குளிரிலும் எளிதில் ஓடும் மெல்லிய ஆயிலைப் பல தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஐஎஸ்ஓ 4925 தரத்தின் 6-ஆம் வகுப்பு என்று டப்பாவில் எழுதியிருக்கும். பந்தய ஆயில்கள் சில அதைவிடத் தடிப்பானவை. அதனால் ஈஎஸ்பி மெதுவாகச் செயல்படும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். அந்தத் தடிப்பு அளவிடப்படுவது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில். சென்னை வெயிலில் அந்த வேறுபாடு உணரத்தக்க அளவில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இது என் கணிப்பு, அளந்து கண்டதன்று. மலைப்பகுதிப் பனியில் ஓட்டுபவர் என்றால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

ஆயிலின் நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்து அது கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. தெளிவாக இருப்பதால் நல்லது என்றும் சொல்ல முடியாது. பேனா வடிவில் விற்கும் ஈரமானிகள் மின்கடத்தலை வைத்து ஊகிப்பவை. அவற்றின் விளக்குகளை நம்பி முடிவெடுப்பது எனக்குப் பிடிக்காது. கொதிநிலையையே நேரடியாகச் சூடாக்கி அளக்கும் கருவிகள் நம்பகமானவை. ஆனால் ஒரு காருக்காக அதை வாங்குவது வீண். தேதியை எழுதி வைத்துக்கொண்டு மாற்றுவதே மலிவான வழி. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சாலைப் பயன்பாட்டுக்கே இரண்டு ஆண்டுகளைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். கடலோர ஈரக்காற்றில் திறந்து மூடி வைத்த பாதி டப்பாவை அடுத்த முறைக்கென்று பத்திரப்படுத்தாதீர்கள். முழு மாற்றத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஆகலாம். அரை லிட்டர் புட்டிகள் மூன்றாக வாங்கினால் ஒன்று மீந்தாலும் சீல் உடையாமல் இருக்கும்.

வேலைக்கு வருவோம். சமதளமான, கெட்டியான தரை வேண்டும். காரோடு வந்த ஜாக் பஞ்சர் பார்க்க மட்டுமே. ஜாக்கில் தூக்கி, உறுதியான ஆக்சில் ஸ்டாண்டில் இறக்கி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே கையை உள்ளே நீட்டுங்கள். ஆறு முனை கொண்ட ரிங் ஸ்பேனர், நிப்பிளின் (காலிப்பரில் ஆயிலை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகின்) மேல் இறுக்கமாக உட்காரும் நிறமற்ற பிளாஸ்டிக் குழாய், ஒரு புட்டி, ஆயில் உறிஞ்சச் சுத்தமான சிரிஞ்ச், பஞ்சு நூல் உதிராத துணி, ஒரு வாளித் தண்ணீர், திருகும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஆகியவை போதும். தண்ணீர் எதற்கென்றால், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்திய உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தப்பிக்கலாம், துணியால் துடைத்தால் மட்டும் போதாது.

புதிய ஆயில் புட்டியைத் திறப்பதற்கு முன்பே நான்கு நிப்பிள்களும் அசைகின்றனவா என்று பாருங்கள். இந்த வேலையில் வீட்டில் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். ரப்பர் மூடியை எடுத்து, கம்பித் தூரிகையால் சுற்றிலும் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துச் சிறிது நேரம் விட்டு, ரிங் ஸ்பேனரை முழுதாக உட்கார வைத்து மெல்லத் தளர்த்தி உடனே இறுக்குங்கள். ஸ்பிரே டிஸ்க்கிலும் பேட்டிலும் படாமல் துணி போட்டு மறையுங்கள். நிப்பிள் நடுவே துளையுள்ள மெலிந்த பாகம். வலுவாகத் திருகினால் முறிந்து காலிப்பருக்குள்ளேயே நின்றுவிடும். வழக்கமான கைவலுவுக்கு இணங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தக் காலிப்பரைப் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் கார் இன்னும் ஓட்டக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்து ஆயிலை வெளியேற்றியபின் இதைக் கண்டுபிடித்தால் கார் அசையாமல் நிற்கும்.

பிறகு எஞ்சின் அறையிலுள்ள பிரேக் ஆயில் தொட்டியில் (இனி டப்பா என்பது இதைத்தான்) இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். அடிவரை உறிஞ்சக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் துளைகள் ஆயிலுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். உடனே புதிய ஆயிலை மேல்கோடு வரை நிரப்புங்கள். இனி வேலை முடியும் வரை ஒரே ஒரு விதியை மறக்காமல் இருந்தால் மற்ற தவறுகளை எல்லாம் திருத்திக்கொள்ளலாம்: டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. பத்து மிதிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள். உதவியாளரிடம் ‘பார்த்துக்கொள்’ என்று விட்டுவிடாதீர்கள், அவர் உள்ளே பெடலருகில் அமர்ந்திருப்பவர், அவருக்குத் தெரியாது.

இருவர் சேர்ந்து செய்யும் பழைய முறை இன்றும் முற்றிலும் போதுமானது. எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். குழாயின் ஒரு முனையை நிப்பிளிலும் மறுமுனையைப் புட்டியில் சிறிது புதிய ஆயிலுக்குள் மூழ்கும்படியும் வையுங்கள். உங்கள் மனைவி பெடலைச் சீராக அழுத்தி ‘அழுத்திவிட்டேன்’ என்று சொன்னதும் நிப்பிளைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திறவுங்கள். பெடல் கீழே போகும், ஆயில் வெளியே வரும். பெடல் அடியைத் தொடுவதற்கு முன்பே நிப்பிளை மூடி, அதன் பிறகே ‘விடு’ என்று சொல்லுங்கள். மூடுவதற்கு முன் கால் எடுக்கப்பட்டால் வெளியேறிய காற்று மறுபடி உள்ளே போகும். இந்த வரிசை குழம்பாமல் இருக்க, இருவரும் தாங்கள் செய்து முடித்ததை மட்டும் உரக்கச் சொல்வது, செய்யப்போவதைச் சொல்லாமல் இருப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேகவேகமாக மிதிப்பதால் பயனில்லை. பெரிய குமிழிகள் சிதறி நுரையாகி, வெளியேற்றக் கடினமாகும். பெடலின் அடியில் ஒரு மரக்கட்டை வைத்து அது தரை வரை போகாமல் தடுப்பது நல்லது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் தினசரி ஓட்டத்தில் சீல் தொடாத பகுதியில் அழுக்கும் அரிப்பும் இருக்கக்கூடும். முழு ஆழத்துக்கு மிதிக்கும்போது சீல் அதன் மேல் ஓடிக் கிழியலாம். உங்களுடையது அவ்வளவு பழைய காரில்லை, இருந்தாலும் ஒரு கட்டை வைப்பதில் செலவில்லை.

தனியாகச் செய்பவர்களுக்குக் காற்றழுத்தக் கருவி உண்டு. ஆயில் டப்பாவின் வாயில் மூடிபோல் மாட்டி, ஒன்று முதல் ஒன்றரை பார் அழுத்தம் கொடுத்தால் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் தானாகவே வரும். உங்கள் காரின் டப்பா வாய்க்குச் சரியாகப் பொருந்தும் மூடி கிடைத்தால் அதையே நான் விரும்புவேன்; மூடி பொருந்தாமல் கசிந்தால் எஞ்சின் அறை முழுதும் பிரேக் ஆயில் தெறிக்கும். நிப்பிளிலிருந்து உறிஞ்சும் வாக்குவம் பம்பு மலிவானது, ஆனால் நிப்பிள் மரையின் இடுக்கு வழியாக வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும், உள்ளே காற்று இருக்கிறதா தீர்ந்ததா என்று தெரியாது. ஏற்கெனவே கையில் உதவியாளர் இருக்கும்போது அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு விதி சொல்வார்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருப்பதில் தொடங்கு என்பது ஏபிஎஸ் வருவதற்கு முந்தைய காலத்து விதி. அதைப் பின்பற்றி வலது பின் சக்கரத்தில் தொடங்கச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகள், ஓட்டுநர் இடப்பக்கம் உட்காரும் கார்களுக்காக எழுதப்பட்டவை. நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் அந்தக் கணக்கே மாறும். மேலும் குழாய்கள் நேராகச் சக்கரங்களுக்குப் போகாமல் ஏபிஎஸ் பெட்டி வழியாகப் பிரிகின்றன. வோக்ஸ்வாகன் குழுமக் கார்களின் பட்டறைக் கையேடுகள் பலவற்றில் வரிசை முன் சக்கரத்தில் தொடங்குகிறது. உங்கள் ஆண்டு, உங்கள் மாடலுக்கான கையேடு சொல்லும் வரிசையைப் பின்பற்றுங்கள். ஆனால் ஒன்று: குழாயில் காற்றே நுழையாமல் பழைய ஆயிலைப் புதியதால் தள்ளி வெளியேற்றும்போது வரிசை மாறினாலும் பெரிய தீங்கு வந்ததை நான் கண்டதில்லை. புதிய ஆயிலின் நிறம் குழாயில் தெரியும் வரை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுமார் 200 முதல் 250 மில்லி வரை தள்ளுங்கள். பழையதும் புதியதும் ஒரே நிறமாக இருந்தால் அளவை மட்டும் நம்புங்கள். முன்பு நீல நிற ஆயில் இதற்கு உதவியாக இருந்தது. டாட் 4 ஆயில் நிறமற்றோ அம்பர் நிறத்திலோதான் இருக்க வேண்டும் என்ற விதியால் அமெரிக்கச் சந்தையில் அது மறைந்துவிட்டது.

கணினிக் கருவி பற்றிய உங்கள் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். டப்பா காலியாகாமல், குழாய் எதையும் கழற்றாமல் செய்யும் வழக்கமான ஆயில் மாற்றத்துக்கு அது தேவையில்லை. டப்பா வறண்டு காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டாலோ, மாஸ்டர் சிலிண்டரையோ அந்தப் பெட்டியையோ மாற்றினாலோ கட்டாயம் தேவை. பெட்டிக்குள் மூடிக் கிடக்கும் வால்வுகளைத் திறந்து பம்பை ஓட்டினால்தான் அங்கே சிக்கிய காற்று வெளிவரும். உங்கள் காருக்கு விசிடிஎஸ் போன்ற கருவிகளால் அதைச் செய்யலாம். கருவி இல்லாமல் செய்யும் மாற்றத்தில் பெட்டிக்குள் சிறிதளவு பழைய ஆயில் தங்கும் என்பது உண்மை. வழுக்கும் மண் தரையில் ஏபிஎஸ் வேலை செய்யும்படி சில முறை பிரேக் அடித்து, பிறகு மறுபடி ஏர் எடுத்தால் அதுவும் வெளியேறும் என்பது பழைய கை வைத்தியம். அது எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எப்படியானாலும் பெட்டி எஞ்சின் அறையில் இருக்கிறது, கொதிப்பது காலிப்பரில்; ஆகவே அந்தச் சிறிதளவுக்காகக் கவலைப்பட மாட்டேன்.

முடிக்கும்போது நிப்பிளை இறுக்குவதில் வீரம் காட்ட வேண்டாம். பத்து முதல் பதினைந்து நியூட்டன் மீட்டர் என்பது இந்த அளவு நிப்பிள்களுக்கு வழக்கமானது. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும். நிப்பிளுக்குள் தங்கிய ஆயிலை உறிஞ்சி, காலிப்பரைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, ரப்பர் மூடியை மாட்டுங்கள். சக்கரப் போல்ட்டுகளுக்கு உங்கள் காரில் 120 நியூட்டன் மீட்டர். கார் தரையில் இறங்கியபின் எதிரெதிராக இறுக்குங்கள்.

காரை நகர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையைத் தவிர்க்கவே கூடாது. எஞ்சின் அணைந்த நிலையில் பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்ல இறங்கக் கூடாது. அப்படியே எஞ்சினை இயக்கினால் மிதிக்கு வலுக்கூட்டும் பூஸ்டரின் உதவியால் சற்றே இறங்கி நிற்கும், அது இயல்பு. இன்னொருவர் பெடலை வலுவாக அழுத்திக்கொண்டிருக்க, நான்கு நிப்பிள்களையும் விளக்கடித்துப் பாருங்கள். அதன் பிறகு வீட்டு வாசலிலேயே நடை வேகத்தில், பிறகு ஆளில்லாத தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே.

இவ்வளவுக்கும் பிறகு பெடல் மெத்தென்றே இருந்தால் மறுபடி மறுபடி ஏர் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதாவது காலிப்பர்கள் இடது வலது மாற்றி மாட்டப்பட்டிருந்தால் நிப்பிள் கீழே வந்து, காற்று மேலே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் போகாது. உங்கள் காரில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் கொண்டு நகரும் காலிப்பர். அது நகர உதவும் பின்கள் இறுகியிருந்தால் பேட் சாய்வாகத் தேயும், சாய்ந்த பேட் பெடலை மெத்தென்றாக்கும். இது ஏர் கோளாறைப் போலவே தெரியும். அழுத்திப் பிடித்த பெடல் வெளிக்கசிவு எதுவுமின்றி இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் சீல் மீது ஐயம் கொள்ள வேண்டும். அதற்குமேல் அந்தக் காரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

இனி, அந்தப் பயம் மறுபடி வருமா என்ற பகுதி. புதிய ஆயில் கொதிநிலையை உயர்த்துகிறது, வெப்பத்தைக் குறைக்கவில்லை. அதே பேட், அதே ஓட்டம் என்றால் ஐந்தாவது சுற்றில் வந்தது எட்டாவது சுற்றில் வரலாம், அல்லது இம்முறை பேட் முதலில் கைவிடலாம். பணம் செலவழிக்கும் வரிசை என் பார்வையில் முதலில் ஆயில், அடுத்து தடத்துக்கேற்ற பேட், அதன் பிறகு டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் வழி. எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் பெடலைச் சற்று இறுக்கமாக உணரச் செய்யும் என்றாலும் ஆயில் கொதிப்பதைத் தடுக்காது. பெரிய காலிப்பர்களும் டிஸ்க்குகளும் கடைசி. பெரும்பாலானவர்களுக்கு அது வரை போக வேண்டியதே இல்லை. தட பேட்கள் சாலையில் கிறீச்சிடும், குளிர்ந்த நிலையில் முதல் மிதியில் சோம்பலாக இருக்கும். தினமும் அலுவலகம் போகும் கார் என்றால் தட நாளுக்கு மட்டும் மாற்றிக்கொள்வதே நல்லது. வளைவில் உள்சக்கரத்தைத் தானாகப் பிடித்துக் காரைத் திருப்ப உதவும் மின்னணு அமைப்பும் பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. நீங்கள் மிதிக்காத நேரத்திலும் பிரேக் சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓட்டும் முறையாலும் நிறைய மாற்ற முடியும். இருங்காட்டுக்கோட்டையின் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். மூன்று சுற்று வேகமாக ஓட்டி, ஒரு சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் ஆற விட்டு, மறுபடி மூன்று என்று ஓட்டினால் இந்த எடையுள்ள சாலைக் கார் நன்றாகவே தாங்கும். நீண்ட நேரம் மெதுவாக உரசுவதைவிட, குறுகிய நேரத்தில் வலுவாக மிதித்து விட்டுவிடுவது டிஸ்க் ஆறுவதற்கு இடம் கொடுக்கும். உள்ளே வந்து நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரை நிறுத்த நிலையில் வைத்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஓடும் காற்று நின்றபின் டிஸ்க்கின் வெப்பம் முழுவதும் காலிப்பருக்குள் ஏறுவது அந்தச் சில நிமிடங்களில்தான். அடுத்த முறை தடத்துக்குள் இறங்கும்போது வேகமெடுப்பதற்கு முன்பே ஒருமுறை மிதித்துப் பெடல் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியேற்றிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், எஞ்சின் ஆயில் கழிவோடும் கலக்காதீர்கள். தனிப் புட்டியில் மூடி, பெயர் எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அது நச்சு, புட்டி குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பேட்டின் மீதத் தடிமனை அளந்து எழுதினால், அடுத்த தட நாளுக்கு அது தாங்குமா என்று சொல்கிறேன்.